மேட்ரன் துடைத்த முப்பத்தாறு ஆண்டுகள்

எட்டுக்கு ஏழு அடியில் ஓர் அறை. ஒரு சன்னல், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் மூன்று தட்டு. இதைவிடச் சிறிய நிலத்துக்காக இதைவிடப் பெரிய சண்டைகள் உலகத்தில் நடந்திருக்கலாம். ஆனால் இரு தரப்பும் ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று உபசரித்துக்கொண்டு நடத்திய சண்டை வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அறையின் உரிமையாளர் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் காலை ஷிப்டு பார்க்கும் பெண்மணி. வயது நாற்பத்தாறு. வெட்டும் இயந்திரத்தில் பத்தொன்பது வருடம் நின்றும் பத்து விரல்களும் அவரிடமே இருக்கின்றன. அந்தத் தொழிலில் இது முனைவர் பட்டத்துக்குச் சமம். கம்பெனியில் அவருக்கு அட்டைக்கா என்று பெயர். கணவரின் அக்கா மட்டும் வெறுமனே 'அட்டை' என்பார். கெட்டிக் காகிதத்தையும் குறிக்கும், ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் பூச்சியையும் குறிக்கும். நாத்தனார் எதையும் வீணாக்காதவர். இரண்டுக்குமாகச் சேர்த்தே சொன்னார் என்பது குடும்பத்தின் பொதுக்கருத்து.

கம்பெனியில் பெட்டி வெட்டியது போக மிஞ்சும் சாம்பல் நிறக் கெட்டி அட்டைத் துண்டுகளை அட்டைக்கா கேட்டு வாங்கி வருவார். வீட்டில் ஒரு சின்னக் கை இயந்திரம் இருக்கிறது. அதில் இலை, சாவி, கடிகாரம், புகைப்படத்துக்கான சட்டம், எழுத்துகள் என்று வெட்டி, வண்ணம் ஏற்றி, நினைவு ஆல்பம் செய்பவர்களுக்குக் கொடுப்பார். ஆல்பத்தில் படத்தைச் சும்மா ஒட்டினால் அது ரேஷன் அட்டை மாதிரி இருக்குமாம். பக்கத்தில் ஒரு இலையாவது வேண்டுமாம்.

வேலை மிக எளிது என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். செய்பவர் ஒருவர்தான் இதுவரை சொன்னதில்லை. வெறும் அட்டையில் மையை விட்டால் உறிஞ்சிக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி முழிக்கும். ஆகவே முதலில் வெள்ளைப் பூச்சு இரண்டு கை. அது காய்ந்ததும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வார்னிஷ். அதன் மேல்தான் மை. இந்த மை தண்ணீரில் கரைத்ததல்ல, ஆல்கஹாலில் கரைத்தது. சொட்டு விழுந்ததும் தன்பாட்டுக்கு ஓடும். ஸ்ட்ராவை வாயில் வைத்து ஊதினால் ஊதிய திசைக்கு எதிர்த் திசையில் போகும். மேலே ஒரு சொட்டு வெறும் ஸ்பிரிட் விட்டால் பூ மாதிரி விரியும், அல்லது விரியாது. எல்லாம் இருபது வினாடிக்குள். காய்ந்த பிறகும் நம்ப முடியாது. கடைசியாக மேல்பூச்சு போட்டு மூடும்வரை, எப்போது ஸ்பிரிட் பட்டாலும் காய்ந்ததையே மறந்துவிட்டுத் திரும்ப எழுந்து நடக்கும்.

தமிழ் எழுத்து வெட்டுபவர்களுக்கு இன்னொரு தண்டனை உண்டு. புள்ளி. மற்ற எழுத்தெல்லாம் ஒரே துண்டாக வந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு, மிளகு அளவு. முழங்கையில் ஒட்டிக்கொண்டு சமையலறை வரை வரும். அட்டைக்காவின் வாழ்நாளில் கணிசமான பகுதி நான்கு காலில் ஊர்ந்து புள்ளி தேடுவதில் கழிந்திருக்கிறது.

கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். மை முதன்முதலில் பார்சலில் வந்தபோது, பெட்டியின் மேல் 'ஆல்கஹால்' என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, அதைத் தன் சட்டைகளுக்கு அடியில் இரண்டு நாள் ஒளித்துவைத்தார். மனைவியிடம் இந்தப் பழக்கத்தைப் பற்றி எப்படிப் பக்குவமாகப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம்.

இந்த டைம்கீப்பரின் அக்காதான் மேட்ரன். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருட நர்ஸ் வேலை, அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் மேட்ரன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வார்டே குடும்பமாக இருந்தபோது தனியாக ஒன்று எதற்கு என்று விட்டுவிட்டார். அவர் நடந்துவரும் ஓசை கேட்டால் காய்ச்சல்காரர்களுக்குக் காய்ச்சல் இறங்கும் என்பார்கள். கைப்பையில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுச் சுருளும் இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை.

மாதக் கடைசியில் மேட்ரனுக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். டைம்கீப்பர் ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில், அக்கா இனிமேல் நம்முடன்தான் என்றார். அட்டைக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அவருக்குக் கையைப் பிடித்துப் பிரசவம் பார்த்ததே, அவர் அண்ணி என்று கூப்பிடும் மேட்ரன்தான். ஆனால் டைம்கீப்பர் அடுத்த கவளத்தோடு சேர்த்து, "சின்ன ரூம் போதும்னு சொல்லிட்டா" என்றார்.

சின்ன ரூம் என்பது எட்டுக்கு ஏழு.

வீட்டில் இன்னொரு அறையும் இருந்தது. அது மகனுடையது. பத்துக்குப் பன்னிரண்டு, இரண்டு சன்னல், புது மின்விசிறி. மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். வருடத்துக்கு இரண்டு முறை வந்து மூன்று நாள் தங்குவான், அந்த மூன்று நாளும் ஹாலில் டி.வி. முன்னால் தூங்குவான். இருந்தும் டைம்கீப்பர் அந்த அறையை ஞாயிறுதோறும் தூசி தட்டி, மூன்றாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பையைத் துடைத்து, பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்திருந்தார். அருங்காட்சியகத்துக்கும் அதற்கும் ஒரே வேற்றுமை, அருங்காட்சியகத்தில் நுழைவுச் சீட்டு வாங்கினால் விடுவார்கள்.

"அண்ணி வரட்டும். நான் வேணாங்கல. எந்த ரூம்னுதான் கேக்குறேன்."

"பையன் வந்தா எங்க இருப்பான்?"

"ஹால்ல. இப்ப எங்க இருக்கான்?"

"அது அவன் இஷ்டம். ரூம் அவனோடது. நீ அட்டையை மடிச்சு பீரோ மேல வெச்சுக்கோ."

வெட்டும் இயந்திரத்தையும், இருபத்திரண்டு மை பாட்டில்களையும், காய்கிற தட்டுகளையும் மடித்துப் பீரோ மேல் வைக்கும் முறையை அட்டைக்கா அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினார். டைம்கீப்பருக்கு அப்போது டிப்போவுக்கு நேரமாகிவிட்டது. அவருக்கு எப்போதும் சரியான நேரத்தில் நேரமாகிவிடும்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் நாலு மணிக்கு மேட்ரனின் போன். நலம் விசாரிப்பு கிடையாது. காலி பண்ணியாச்சா என்று ஒரு கேள்வி, கட்டில் ஆறேகாலுக்கு மூன்று என்று ஒரு நினைவூட்டல், முடிந்தது.

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸுகள் வந்தார்கள். ஒருவர் உயரம், இன்னொருவர் வாயாடி. மேட்ரனின் பிரிவு உபசாரத்துக்கு ஒரு நினைவு ஆல்பம் வேண்டும், முப்பத்தாறு வருடப் படங்களும் திரட்டிவிட்டார்கள், ஆல்பத்தை அலங்கரிக்க மேட்ரனின் வீட்டிலேயே ஒரு கைக்காரர் இருக்கும்போது வேறெங்கே போவது, ஆனால் மேட்ரனிடம் மூச்சு விடக் கூடாது. வாயாடி சொல்லிக்கொண்டே போனார், உயரமானவர் தலையாட்டினார்.

தன்னை அறையிலிருந்து வெளியேற்றப்போகிறவரை வழியனுப்ப, அதே அறையில் உட்கார்ந்து அலங்காரம் செய்ய வேண்டும். அட்டைக்கா யோசித்தார். யோசித்ததில் ஒரு யோசனை பிறந்தது. ஆல்பத்தை அண்ணி கண்கொட்டாமல் பார்க்கும்படி செய்துவிட வேண்டும். பார்த்துவிட்டு, "இதை எங்க வெச்சு செஞ்ச?" என்று கேட்காமலா போவார்? கேட்டால் சொல்லலாம். சொன்னால் அவருக்கே தோன்றும். இருபத்திரண்டு வருடமாகத் தான் செய்த எதையும் 'நல்லா இருக்கு' என்று ஒரு முறைகூடச் சொல்லாத ஒருவரின் ரசனையை நம்பித் தீட்டிய திட்டம் இது. வேறு திட்டம் இல்லாதபோது மனிதர்கள் இப்படித்தான் எதையாவது நம்புவார்கள்.

நாற்பத்தொரு உருவங்கள். நர்ஸ் தொப்பி, மார்பில் குத்தும் கடிகாரம், சாவிக்கொத்து, இலைகள், சட்டங்கள், ஆல்பத்தின் மேலட்டையில் ஒட்ட 'முப்பத்தாறு ஆண்டுகள்' என்ற எழுத்துகள். புள்ளி நான்கு. கம்பெனியிலிருந்து வந்து சாப்பிட்ட கையோடு உட்காருவார். பூச்சு காயும்போது டைம்கீப்பர் காற்று வரவில்லையே என்று மின்விசிறியைப் போடுவார். வாசலில் கிடந்த தூசியெல்லாம் வந்து தொப்பியின் மேல் அமரும். எதிர்வீட்டு அம்மா, தன் பேத்தி இதை மூன்று வயதிலேயே செய்தாள் என்று சொல்லிவிட்டுப் போவார். ஸ்ட்ரா நாலைந்தை யாரோ எடுத்துப் பழச்சாறு குடித்துவிடுவார்கள். நாலு மணிக்குப் போன். ஊதா நிறம் அவர் நினைத்தபடி ஓரத்தில் மெலிந்து முடியவே மாட்டேன் என்றது. மூன்று வருடமாகவே மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

விழா வெள்ளிக்கிழமை. செவ்வாய் மாலை நாற்பத்தொன்றும் முடிந்து மேசையில் வரிசையாகக் காய்ந்தன. புதன் மதியம் வந்து மேல்பூச்சு போட வேண்டியதுதான் பாக்கி.

புதன் காலை பதினொன்றே காலுக்கு மேட்ரன் கையில் அளவு நாடாவோடு வந்தார்.

டைம்கீப்பருக்கு அன்று வார விடுமுறை. கதவைத் திறந்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். மேட்ரன் அறையை அளந்தார். அளந்தபின் கட்டில் வரப்போகும் இடத்தில் நிற்கும் மேசையைப் பார்த்தார். மேல் எல்லாம் சின்னச் சின்ன சாமான். ஒன்றை எடுத்தார். பூச்சு முழுதாக இறுகாததால் பிசுபிசுவென்று இருந்தது. பிசுபிசுப்பான ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும்படி அந்தக் கையை யாரும் பழக்கவில்லை. பை திறந்தது. பஞ்சு நனைந்தது.

பஞ்சில் நீலமும் சிவப்புமாக வந்ததைப் பார்த்ததும் மேட்ரனுக்கு உற்சாகமாகிவிட்டது. ஹாலுக்கு வந்து தம்பியிடம் நீட்டி, "பாரு, எவ்வளவு அழுக்குன்னு. இதுல தூங்கச் சொல்றீங்க என்னை" என்றார். தம்பி பார்த்து, அழுக்குதான் என்று ஒப்புக்கொண்டார். மேட்ரன் திரும்பிப் போய் இன்னும் அழுத்தித் துடைத்தார்.

பதினான்காவதைத் துடைத்து வைக்கும்போதுதான், வைத்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவற்றோடு சேர்த்து அது ஒரு வார்த்தையாக இருப்பதைக் கவனித்தார். முப்பத்தாறு. பக்கத்தில் ஒரு தொப்பி. ஒரு கடிகாரம், அவர் மார்பில் குத்தியிருந்த அதே மாதிரி. மேசைக்கு அடியில் திறந்திருந்த உறையில், இருபத்தைந்து வயதில் பல்லைக் காட்டிக்கொண்டு தானே நிற்கும் படம்.

மேட்ரன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

"தம்பி, இங்க வா."

டைம்கீப்பர் வந்தார், பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, மணி பதினொன்னு நாப்பத்திரண்டு. அவ ரெண்டு நாப்பதுக்கு வருவா."

அவரால் முடிந்த உதவி அது.

பிறகு அந்த அறையில் நடந்தது முழுக்க அவசர சிகிச்சை. மேட்ரன் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தார், ஸ்பிரிட் வாடை பிடிபட்டது. முப்பத்தாறு வருடமாகப் புழங்கிய சரக்கு. பைக்குள்ளிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சு வந்தது. மையை உறிஞ்சி, அளந்து, சொட்டு விட்டார். தம்பியின் வாயில் ஸ்ட்ராவைக் கொடுத்து ஊதச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தம்பி கேட்டார். நிறுத்தச் சொல்லும்வரை. முதல் ஊதலில் நீலம் துள்ளி மேட்ரனின் வெள்ளைச் சீருடைத் தோளில் விழுந்தது. மேட்ரன் அதைக் கவனிக்கவில்லை. வேறொரு சமயமென்றால் அந்தத் துளிக்காக ஒரு வார்டே நின்றிருக்கும்.

அட்டைக்கா இரண்டு நாற்பதுக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு நீல மீசை முளைத்திருந்தது. அண்ணி மேசைமேல் குனிந்திருந்தார்.

"அண்ணி."

"ஒரு நிமிஷம் இரு. இது இப்பதான் பிடிச்சிருக்கு."

"என்ன பண்ணீங்க?"

"தொடச்சேன்."

"எத்தனை?"

"பதினாலு." மேட்ரன் நிமிர்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தால் நிற்கும் நிலை. "அதுல ஒம்போது தேறிடுச்சு. மூணு அப்சர்வேஷன்ல இருக்கு. ரெண்டு... நாங்க முடிஞ்சதைச் செஞ்சோம்."

அட்டைக்கா பையைக் கீழே வைத்தார். கத்துவார் என்று டைம்கீப்பர் எதிர்பார்த்து ஓர் அடி பின்வாங்கினார். அவர் கத்தவில்லை.

"இந்த மேசை இருக்குற இடத்துல உங்க கட்டில் வரப்போகுது. சரி. எனக்குன்னு இந்த வீட்டுல இருக்குறது இந்த ரூம்தான், அதுவும் இன்னும் நாலு நாள். அந்த நாலு நாள் முடியற வரைக்குமாவது கை வெக்காம இருந்திருக்கலாம் அண்ணி."

மேட்ரன் அறையைச் சுற்றிப் பார்த்தார். தட்டுகள், பாட்டில்கள், சன்னல். அளவு நாடாவோடு வந்தபோது பார்த்தது எட்டும் ஏழும் மட்டும்.

"இவ்வளவு வேலையா இதுக்கு?"

"ஆமா."

"இவன் சும்மா அட்டைன்னுதானே சொன்னான்."

இரண்டு பெண்களும் திரும்பி டைம்கீப்பரைப் பார்த்தார்கள். டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அன்று விடுமுறை என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

அட்டைக்கா தேறியவற்றைக் கையில் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். இங்கேதான் அன்றைய நாளின் மிகப் பெரிய அநியாயம் காத்திருந்தது. ஊதா ஓரத்தில் மெலிந்து, மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் முடிந்திருந்தது. மூன்று வருடமாக அவருக்குப் பிடிகொடுக்காத ஓரம். பதினான்கைப் பாழாக்கிய கையால், மூன்று மணி நேர அனுபவத்தில். நாசமாகியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

"எப்படி வந்துச்சு இது?"

"அரை மில்லி. அதுக்கு மேல போகக் கூடாது. நீ பாட்டில்லயே விடறியாமே, அது தப்பு."

அட்டைக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிஞ்சைக் கேட்டு வாங்கினார். போனவை இரண்டுக்கும் மறுபடி வெள்ளை அடித்தார். இன்னொரு பலியும் இருந்தது. ஒரு புள்ளி பஞ்சோடு போயிருந்தது. மேட்ரன் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, பஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்டுபிடித்தார். மாலை வரை இருவரும் ஒரே மேசையில் முழங்கை இடித்துக்கொண்டார்கள். நாலு மணி வந்தது, போனது, போன் வரவில்லை. போன் செய்ய வேண்டியவர் மேல்பூச்சு போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விழாவில் மேட்ரன் ஆச்சரியப்பட வேண்டியிருந்தது. மருந்து கசக்காது என்று குழந்தையிடம்கூட அவர் பொய் சொன்னதில்லை. உறையைப் பிரிப்பதற்கு முன்பே "எதிர்பாக்கவே இல்ல" என்றார். வாயாடி நர்ஸ், இன்னும் திறக்கவில்லை மேடம் என்று காதில் சொன்னார். திறந்தார். மேலட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். அந்த ஊதா என்ன அழகு என்று பெரிய டாக்டர் சொன்னதும், "அது அரை மில்லி" என்று மேட்ரன் பதில் சொல்லிவிட்டார். பிறகு ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கி, தான் பதினான்கைத் துடைத்த கதையை மறைக்காமல் ஒப்பித்தார். முடிவில், "நல்லா செஞ்சிருக்கா" என்றார். யார் என்று சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் அட்டைக்காவுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை வீட்டு ஹாலில் மேட்ரன் தம்பியிடம் பையன் அறைச் சாவியைக் கேட்டார். பையன் வந்தால் என்று தம்பி ஆரம்பித்தார். மேட்ரன் போனை எடுத்துப் பையனையே கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி வைத்தார்.

"உன் ரூம்ல நான் இருந்துக்கவாடா?"

"என் ரூமா? அது இன்னும் இருக்கா அத்தை? ஸ்டோர் ரூம் ஆக்கியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

டைம்கீப்பர் சாவியைக் கொடுத்துவிட்டு, கோப்பையைத் துடைக்கப் போனார்.

ஆக, அறை தப்பியது. வரலாறு இங்கே முடிந்திருந்தால் அட்டைக்கா மகிழ்ச்சியாக இருந்திருப்பார். ஆனால் வேலையில்லாத மேட்ரன் என்பது சும்மா இருக்கும் பொருளல்ல.

மேட்ரன் குடியேறிய மூன்றாம் நாள், அட்டைக்கா கம்பெனியிலிருந்து வந்தபோது மை பாட்டில்கள் அகரவரிசையில் நின்றன. ஐந்தாம் நாள் ஒரு நோட்டு வந்தது: தேதி, உருவம், நிறம், அளவு, பலன். கையுறை கட்டாயம் ஆனது. ஏழாம் நாள் கதவில் டூட்டி சார்ட். காலை எட்டு முதல் ஒன்று வரை மேட்ரன். மாலை ஐந்து முதல் எட்டு வரை மேட்ரன். நடுவில் மூன்று முதல் ஐந்து வரை அட்டை. வார விடுமுறையில் ஸ்ட்ரா கழுவுவது டைம்கீப்பர். கீழே, பொறுப்பு: மேட்ரன்.

அட்டைக்கா அதை நின்று படித்தார். உள்ளே மேட்ரன் ஓர் இலைக்கு மருந்து, அதாவது மை, அளந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, டூட்டி எப்படி வேணா போடுங்க. ரூம் என்னோடது."

"யாரு இல்லேன்னா?"

"இப்படி எழுதி ஒட்டினவங்கதான்."

மேட்ரன் சிரிஞ்சைக் கீழே வைத்தார். எழுந்து வந்து சார்ட்டைத் தானே ஒரு முறை படித்தார். மருந்துச் சீட்டில் தப்பு கண்டவர் மாதிரி முகம் போயிற்று. பேனாவை எடுத்துத் தன் மாலை டூட்டியை அடித்துவிட்டு, மூன்று முதல் ஐந்தை, இரண்டு நாற்பது முதல் எட்டு என்று திருத்தினார். பொறுப்பு என்ற இடத்தில் தன்னை அடித்துவிட்டு அட்டை என்று எழுதினார். அட்டைக்கா அதைப் படித்து முடிக்கும் முன்பே மேட்ரன் மறுபடி குனிந்து, அதற்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு வரி சேர்த்தார்.

மேற்பார்வை: மேட்ரன்.

"சன்னல் பக்கம் நாற்காலி எனக்கு," என்றார் அட்டைக்கா.

"பாக்கலாம்."

அட்டைக்கா பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.